ஊற்றுக்கண்ணில் மாதிரி எடுக்கக் கோரும் நான்காவது மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர்

பொருள்: காப்புக்காட்டு ஊற்றிலிருந்து மலைக் குடியிருப்புக்குக் குடிநீர் – வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)-இன் கீழ் அனுமதி – மீண்டும் கோருதல்

மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் வாழும் பளியர் குடும்பங்களும் காபித் தோட்டக் கூலிக் குடும்பங்களும் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கம் இம்மனுவை அளிக்கிறது.

முதல் மனுவில் சங்கம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குடியிருப்புக்கு மேலே, காட்டு எல்லைக்குச் சற்று உள்ளே, பாறை இடுக்கில் சுரக்கும் ஊற்றுக்கு மூடிய தொட்டி கட்டி, அங்கிருந்து குழாய் பதிக்க வேண்டும். அதற்குப் பதில் வரவில்லை. அதே வாசகத்தின் தலையில் 'நினைவூட்டு' என்று எழுதி இரண்டாம் மனு போனது. 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வந்தது. யாருக்கு அனுப்பப்பட்டது என்பது அதில் இல்லை. மூன்றாம் மனுவுக்கு இரண்டு அலுவலகங்களிலிருந்து இரண்டு பதில்கள் வந்தன. ஊற்று நீர் குடிக்கத் தகாதது, ஆகவே குழாய் இல்லை என்றது ஒன்று. இடம் வனநிலம், 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும், ஆகவே குழாய் இல்லை என்றது மற்றொன்று. இரு அலுவலகங்களும் ஒன்றையொன்று கலந்து பேசியதாகத் தெரியவில்லை. முடிவில் மட்டும் ஒற்றுமை இருக்கிறது.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். பரிசோதனையில் கோலிஃபார்ம் கிருமிகள் இருந்தன என்பதைச் சங்கம் மறுக்கவில்லை. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 குடிநீரில் 100 மி.லி.க்கு ஒரு ஈ.கோலை கூடத் தென்படக்கூடாது என்கிறது. அந்த அளவுகோலும் சரியே. சங்கத்தின் ஆட்சேபணை மாதிரி எடுத்த இடத்தைப் பற்றியது. பாட்டில் நிரப்பப்பட்டது ஊற்றில் அல்ல. கறுப்பு ஹோஸ் பைப் வந்து விழும் திறந்த குழியில். ஆடு மாடு வாய்வைப்பதும், பெண்கள் பாத்திரம் கழுவுவதும் அங்கேதான். ஊற்றிலிருந்து அந்தக் குழிவரை பைப் தரைமேல் கிடக்கிறது. காட்டுமாடு மிதித்துப் பிளந்த இடங்களில் சைக்கிள் டியூப் கிழித்துக் கட்டியிருக்கிறது. உரமும் மருந்தும் போடும் தோட்டத்தின் ஓரமாக அது இறங்கி வருகிறது. அந்தக் குழியின் நீரைச் சோதித்துவிட்டு ஊற்றுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று சங்கம் வாதாடவில்லை. கிருமியும் நைட்ரேட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் கொதிக்க வைத்தே குடிக்கும்படி உறுப்பினர்களுக்குச் சொல்லி வருகிறது. எனினும் ஆய்வகத்துக்குப் போகும் முன்பே ஓர் ஊற்றின் தரத்தை ஓரளவு கணிக்க முடியும். கோடையிலும் ஊறல் பெரிதாகக் குறையாமல் இருக்க வேண்டும். காலையிலும் உச்சிவெயிலிலும் நீரின் குளிர்ச்சி ஒரே மாதிரி இருக்க வேண்டும். முக்கியமாக, கனமழை பெய்த சில மணி நேரத்தில் கலங்கக்கூடாது. கலங்கினால், மண்ணுக்குள் வடிகட்டப்படாத மேற்பரப்பு நீர் உள்ளே புகுகிறது என்று பொருள். மேலே கழிப்பறையோ தோட்டமோ தொழுவமோ இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த ஊற்றுக்கு மேலே இருப்பது சோலைக்காடு. மழைநாளில் கீழே உள்ள குழி செம்மண்ணாகக் கலங்கும்போதும் பாறை இடுக்கில் வரும் நீர் கலங்குவதில்லை. எந்த அலுவலரும் மழையில் மேலே ஏறி வந்து இதைச் சரிபார்க்கலாம். வழிகாட்ட ஆள் தருவது சங்கத்தின் பொறுப்பு.

கட்டச் சொல்வது பெரிய அணையுமல்ல. நீர் பாறையை விட்டு வெளிவரும் இடம்வரை தோண்டி, சரளைக்கல் நிரப்பி, முன்புறம் சுவர் எழுப்பி, மேலே மூடி போட வேண்டும். மிகுநீர் வழிய ஒரு குழாய், மழைநீர் உள்ளே இறங்காமல் திருப்பிவிட மேற்புறம் ஒரு வாய்க்கால், விலங்குகள் மிதிக்காதபடி வேலி. குடியிருப்பு கீழே இருப்பதால் மோட்டார் வேண்டாம், மின்கட்டணம் வேண்டாம். அதற்கு மாறாக, கீழே ஆழ்துளைக் கிணறு போட்டு நீரை மேலே ஏற்றலாம் என்று ஓர் அதிகாரி யோசனை சொன்னார். தானாக இறங்கி வரும் நீரை விட்டுவிட்டு அடியாழத்து நீரை மலையேற்றும் கணக்கு சங்கத்துக்குப் புரியவில்லை.

இனி இரண்டாம் பதில். சங்கத்தின் மனு முழுவதும் நிற்பது இந்த இடத்தில்தான். வன உரிமைச் சட்டம் 2006-இன் பிரிவு 3(2), '1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தில் எது கூறப்பட்டிருந்தபோதிலும்' என்ற பொருளில்தான் தொடங்குகிறது. எந்தச் சட்டத்தைக் காட்டி மறுத்தார்களோ, அந்தச் சட்டத்தையே ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசும் பிரிவு இது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி என்று தொடரும் அதன் பட்டியலில் குடிநீர் வழங்கலும் நீர்க் குழாய்களும் வெளிப்படையாக உள்ளன. நிபந்தனைகள் மூன்று: நிலம் ஓர் இடத்துக்கு ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். இங்கே தேவைப்படும் நிலம் ஒரு தொட்டிக்கும் ஒரு குழாய்த் தடத்துக்கும் உரியது. வெட்ட வேண்டிய மரம் ஒன்றுகூட இல்லை. கிராமசபைத் தீர்மானம் இரண்டாம் மனுவிலேயே இணைக்கப்பட்டது. தொலைந்திருக்கலாம் என்பதால் இம்முறையும் இணைக்கப்படுகிறது. ஆகவே கோப்பு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட வன அலுவலரின் மேசையிலேயே முடியக்கூடியது அது. அவருக்கு உடன்பாடில்லை என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழு இருக்கிறது. மறுப்பதானால் பிரிவு 3(2)-ஐப் படித்ததாக ஒரு வரியாவது எழுதி மறுக்குமாறு சங்கம் கோருகிறது. முந்தைய மூன்று மனுக்களிலும் இப்பிரிவு எடுத்துக்காட்டப்பட்டும், ஒரு பதிலிலும் அதன் எண்கூடக் காணப்படவில்லை.

மாசற்ற நீர் வாழும் உரிமையின் பகுதி என்று சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் கூறியதையும், 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்ததையும் சங்கம் நினைவூட்டுகிறது. ஊற்றுகளைப் பழங்கால ஏற்பாடு என்று தள்ளுவோர் சிக்கிமைப் பார்க்கலாம். அங்கே 2008-இல் தொடங்கிய 'தாரா விகாஸ்' திட்டத்தில், சரிவுகளில் குழிவெட்டி மழைநீரை உள்ளிறக்கி, வற்றிய ஊற்றுகளை மாநில அரசே மீட்டது. இமயமலை ஊற்றுகளைக் கணக்கெடுத்துப் புதுப்பிக்க நிதி ஆயோக் 2018-இல் அறிக்கையே வெளியிட்டது.

ஆகவே ஊற்றில் மூடிய தொட்டி கட்டிக் குழாய் பதிக்கப் பிரிவு 3(2)-இன் கீழ் அனுமதி வழங்கப்பட வேண்டும். மேலும், குடிநீர் ஆதாரங்களில் ஆண்டுக்கு இருமுறை நுண்ணுயிர்ப் பரிசோதனையும் ஒருமுறை வேதிப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்ற நெறிமுறையின்படி, ஊற்றுக்கண்ணிலேயே கோடையில் ஒன்றும் மழைக்காலத்தில் ஒன்றுமாக மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும். களப் பரிசோதனைப் பெட்டியும், அதைக் கையாள ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் தரப்பட வேண்டும்.

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல், வந்த பதில்களின் நகல், கிராமசபைத் தீர்மானம். இம்மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு எண்ணை, மனுவைக் கொண்டுவருபவரிடமே எழுதித் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. மூன்றாம் மனுவுக்கு அது தரப்படவில்லை.

செயலாளர்