விசை அமைப்பை எங்கே மாற்றுவது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் முதல் வள்ளூர், மீஞ்சூர் வரையிலான தொழிற்பகுதியில், ஒரே கணினியின் முன் ஷிப்டுக்கு ஒருவர் அமரும் கூடங்களைப் பராமரிப்போர், விசை அமைப்பை, அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்னும் ஒழுங்கை, இயந்திரத்தின் பண்பாகக் கொள்வதா, பயனரின் உரிமையாகக் கொள்வதா என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகியவர், தமிழ்99 விசை அமைப்பைக் கற்றவர், தெலுங்கிலோ இந்தியிலோ எழுதுபவர் ஆகிய அனைவரின் விரல்களும் ஒரே பலகைக்கு வரும்போது, ஒருவருக்காகச் செய்த மாற்றம் அடுத்தவருக்கு இடையூறாகிறது.

லினக்ஸில் இயங்கும் கணினியில் இம்மாற்றத்துக்கு மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது, வரைகலை இல்லாத எழுத்துத்திரை. அதன் எழுத்துரு அதிகபட்சம் 512 உருக்களையே தாங்குவதாலும், உயிர்மெய்களை இணைத்துக் காட்டும் திறன் அதற்கு இல்லாததாலும், அங்கு ஆங்கில அமைப்பே போதும். இரண்டாவது எக்ஸ்கேபி. விசையை எழுத்தோடு பொருத்தும் இவ்வடுக்கில் தமிழும் தெலுங்கும் இந்தியும் இந்தியாவுக்கான ஒரே கோப்பில் அடங்கியுள்ளன. மூன்றாவது, ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை. இது முன்பு தட்டிய எழுத்தையும் கருத்தில் கொண்டு அடுத்ததை முடிவு செய்கிறது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை அடுத்து, தமிழக அரசு தரமாக ஏற்ற தமிழ்99 அமைப்புக்கு மூன்றாவது அடுக்கு இன்றியமையாதது. வள்ளூர் என்னும் சொல்லுக்கு வ, ள, ள, ஊ, ர, புள்ளி என ஆறு தட்டல்கள் போதும். இரட்டித்த ளகரத்தில் முன்னதற்குப் புள்ளி தானே விழுவதும், ளகரத்தை அடுத்த ஊகாரம் ளூ ஆவதும் முன்னெழுத்தை அறிந்த முறையால் மட்டுமே நிகழ்பவை. ஒரு தட்டலுக்கு ஒரு குறி என்ற கணக்கில் இயங்கும் எக்ஸ்கேபிக்கு அந்த நினைவு இல்லாததால், அதில் மட்டும் தமிழைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்ததாகக் கருதுவது பிழையாகும்.

மாற்றம் எங்கே எழுதப்படுகிறது என்பதும் முக்கியம். எக்ஸ்கேபியை மாற்றும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளை தரும் மாற்றம், எக்ஸ் என்னும் வரைகலை அமைப்பின் நடப்பு அமர்வோடு மறைந்துவிடும். எக்ஸுக்கு மாற்றான வேலேண்டில் இயங்கும் க்னோம் திரையோ தன் அமைப்புப் பட்டியலிலிருந்தே விசை ஒழுங்கை எடுத்துக்கொள்கிறது. டெபியன் வழிவந்த கணினிகளில் கணினி முழுவதற்குமான விசை அமைப்பு ஈடிசி அடைவின் டிஃபால்ட் உள்ளடைவில் உள்ள கீபோர்டு கோப்பில் எழுதப்படுகிறது. அதில் தமிழை முதலிடத்தில் வைத்தால், ஆங்கில எழுத்துகளாலான கடவுச்சொல்லை உள்நுழைவுத் திரையில் இட இயலாமல் இரவு ஷிப்டு ஊழியர் வாசலிலேயே நின்றுவிட நேரிடும்.

எனவே கணினி முழுவதற்கும் ஆங்கிலத்தை முதலாகவும், தேவையெனில் இந்திய மொழியை இரண்டாவதாகவும் வைத்து, தமிழ்99 உள்ளிட்ட உள்ளீட்டு முறைகளை அவரவர் பயனர் கணக்கில் அமைப்பதும், பொதுக் கணக்கு ஒன்றையே அனைவரும் பகிரும் வழக்கத்தைக் கைவிடுவதும், மொழி மாற்றும் விசைச் சேர்க்கையை எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக வைத்து மேசையருகே எழுதி ஒட்டுவதும் பராமரிப்பாளரின் முதல் நாள் பணிகளாக வேண்டும்.