புற்றுநோய்க்கு ஜீன் டெஸ்ட்... எடுத்தா மட்டும் போதுமா?

பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது: நுரையீரல் புற்றுநோய். அடுத்து கீமோதானே என்று குடும்பம் தயாராகும்போது, "ஒரு ஜீன் டெஸ்ட் பார்த்துடலாம்" என்கிறார் டாக்டர். ஒன்றிரண்டு மரபணுக்களை மட்டும் பார்த்தால் சில ஆயிரம். நூற்றுக்கணக்கில் பார்த்தால் லட்சத்தைத் தாண்டவும் கூடும். 'டியூமர் புரொஃபைலிங்' எனப்படும் இந்தச் சோதனைக்கு உலகம் முழுக்க டிமாண்ட் ஏறுகிறது. ஏன்?

கட்டிக்குள் என்ன தேடுகிறார்கள்?

புற்றுநோய் எந்த உறுப்பில் என்பதோடு நிற்காமல், கட்டியின் செல்களில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் இது. முற்றிய நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தால், மாத்திரையிலேயே சிகிச்சையைத் தொடங்க வாய்ப்புண்டு. அந்த மாற்றம் இல்லாதவருக்கு அதே மாத்திரையைக் கொடுத்தால் பணமும் போகும், நாளும் போகும்.

2017-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., 324 மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் சோதனையை அங்கீகரித்தது. அதே ஆண்டு, எந்த உறுப்பில் வந்த கட்டி என்று பார்க்காமல், மரபணு அடையாளத்தை வைத்தே பெம்ப்ரோலிசுமாப் மருந்தைத் தரவும் அனுமதித்தது. அதன்பிறகு டெஸ்டும் மருந்தும் ஜோடியாகவே சந்தைக்கு வருவது அதிகரித்தது.

நம்ம ஊர் டேட்டா இருக்கா?

கண்டுபிடித்த மாற்றம் நோய்க்குக் காரணமா, இந்த மக்களிடம் இயல்பாகவே இருப்பதா? இதைச் சொல்ல ஒப்பீட்டுத் தரவு வேண்டும். உலகத் தொகுப்புகளில் பெரும்பாலும் இருப்பது ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவு. அந்தக் குறையைப் போக்கத்தான் சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் 'பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸ்' தொகுப்பை வெளியிட்டது. அதில் இருப்பது 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசு மாதிரிகளில் இருந்து கிடைத்த தரவு. ஆண்டுக்கு சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வரும் நாட்டில், இது முதல் படி.

தளவானூரில் ஒருவருக்கு என்றால்?

செஞ்சி பக்கம் தளவானூரில் இருப்பவருக்கு, பெரிய சிகிச்சை என்றால் புதுச்சேரி ஜிப்மர் அல்லது சென்னை அடையாறு. அவரைப் போலவே, மெழுகில் பதித்த கட்டித் துண்டும் லேப்புக்குப் பயணம் போக வேண்டும். துண்டு ரொம்பச் சின்னதாக இருந்தாலோ, சரியாகப் பதப்படுத்தாமல் டி.என்.ஏ. சிதைந்தாலோ ரிசல்ட்டே வராமல் போகலாம். அப்புறம் மறுபடி பயாப்ஸி, மறுபடி காத்திருப்பு.

டெஸ்ட் சொன்ன மருந்தை வாங்க முடியுமா?

விடை தெரிந்த ஒரு பழைய வழக்கு இருக்கிறது. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மருந்தை நோவார்ட்டிஸ் மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய்க்கு விற்றது. இந்திய ஜெனரிக் 10 ஆயிரத்துக்குள் கிடைத்தது. நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-ல் மறுத்தது சென்னை காப்புரிமை அலுவலகம்தான். 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. டெஸ்ட் காட்டிய வழியில் சாதாரணக் குடும்பமும் போக முடிந்தது அதனால்தான்.

2024 பட்ஜெட்டில் ஒசிமெர்டினிப் உட்பட 3 புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி நீக்கப்பட்டது. ஆனாலும் பலருக்கு இவை எட்டாத விலைதான்.

பணம் கட்டும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* ரிசல்ட்டைப் பொறுத்து சிகிச்சை மாறுமா?
* மாறினால், அந்த மருந்து இங்கே கிடைக்குமா? மாதம் எவ்வளவு? காப்பீடு ஏற்குமா?
* ஏற்கெனவே எடுத்த பயாப்ஸி துண்டு போதுமா?
* ஒன்றிரண்டு மரபணு டெஸ்ட் போதுமா, பெரிய பேனல் அவசியமா?

முதல் கேள்விக்குப் பதில் 'மாறாது' என்றால், அந்தப் பணத்தைச் சிகிச்சைக்கே வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடமே கேட்டுவிடலாம்.