பிரேக் உடைந்த வண்டியை வைத்து ஒரு பாடம்

உயிரியல் புத்தகம் எதைப் புரட்டினாலும் அந்தப் படம் இருக்கும். இரண்டு பாக்டீரியா, நடுவில் ஒரு குழாய், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வட்டமான டி.என்.ஏ. அதுதான் பிளாஸ்மிட். படிக்கிறவன் மனதில் என்ன பதியும்? பாக்டீரியா என்பது எந்நேரமும் மரபணுவை வாரி வழங்கும் கர்ணன் என்று.

தவறு. அதுவும் சாதாரணத் தவறு இல்லை.

1946ல் லெடர்பெர்க்கும் டேட்டமும் ஈ.கோலை கே-12 வகையில் இந்த இணைவைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் காரணமான எஃப் பிளாஸ்மிட் ஒரு பழுதான சரக்கு! அதன் ஃபின்ஓ மரபணுவுக்குள் ஐஎஸ்3 என்ற டி.என்.ஏ. துண்டு புகுந்து அதைக் கெடுத்து வைத்திருக்கிறது. அதாவது பிரேக் உடைந்த வண்டி. அதன் ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் எல்லா வண்டியும் இப்படித்தான் ஓடும் என்று பாடம் நடத்துகிறார்கள்.

சரி, அந்த பிரேக் என்ன? இடமாற்ற மரபணுக்களை முடுக்கிவிடுவது டிராஜே என்ற புரதம். அது உருவாக வேண்டுமானால் அதன் தூது ஆர்.என்.ஏ. மேல் ரைபோசோம் வந்து உட்கார வேண்டும். அந்த இடத்தில் ஃபின்பி என்ற குட்டி ஆர்.என்.ஏ. முன்னாலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. மொத்தம் 80 எழுத்துகூட இல்லாத பொடியன்! ரைபோசோமுக்கு இடமில்லை, புரதம் இல்லை, இடமாற்றமும் இல்லை. ஃபின்பியைத் தனியாக விட்டால் ஆர்.என்.ஏஸ்-இ என்ற நொதி நறுக்கிவிடும். அதைக் காப்பாற்றி, இலக்கோடு ஜோடி சேர்த்துவைப்பது ஃபின்ஓ புரதம். இரண்டும் சேர்ந்தால் இடமாற்றம் நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை குறைகிறது.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? கணக்குப் போட்டால் புரியும். குழாய் கட்டச் செலவு அதிகம். அந்தக் குழாயையே வாசலாக்கி உள்ளே நுழையும் வைரஸ்களும் உண்டு.

"பிரேக் இருந்தும் மருந்து எதிர்ப்பு பரவத்தானே செய்கிறது, இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1950களில் ஜப்பானில் வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் ஷிகெல்லா ஒரே நேரத்தில் பல மருந்துகளை எதிர்த்து நின்றது. அந்த எதிர்ப்பு பாக்டீரியா விட்டு பாக்டீரியா தாவுகிறது என்பது 1959ல் தெரிந்தது. அங்கே கிடைத்த ஆர்100 பிளாஸ்மிட்டில் ஃபின்ஓ முழுசாக இருக்கிறது. பிறகு எப்படிப் பரவியது? புதிதாக பிளாஸ்மிட் வாங்கிய செல்லில் தடுப்புச் சரக்கு சேர்வதற்குச் சில தலைமுறைகள் ஆகும். அந்த இடைவெளியில் அது பிரேக் இல்லாமல் அடுத்ததற்கும், அடுத்தது அதற்கடுத்ததற்கும் தள்ளிவிடும். வாங்க ஆள் இருக்கும்வரை அலை ஓயாது. ஆள் தீர்ந்ததும் அடங்கிவிடும். இந்தப் பரவலே பிரேக்கைத் தெரிந்தால்தான் புரிகிறது!

பிளாஸ்மிட்டின் பிரேக் மட்டுமில்லை, பாக்டீரியாவின் சொந்தக் குட்டி ஆர்.என்.ஏ.வும் தலையிடுகிறது. சால்மோனெல்லாவில் ஆர்பிஆர்ஏ என்ற ஒன்று ரிக்-ஐ என்ற புரதத்தை உண்டாக்கி இடமாற்றத்தைத் தடுக்கிறது என்று 2015ல் காட்டினார்கள். இன்னமும் ஆர்.என்.ஏ. என்றால் வெறும் தபால்காரன் என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது? 2024 நோபல் பரிசு வாங்கிய மைக்ரோ ஆர்.என்.ஏ. புழுவில் தெரியவந்தது 1993ல். பிளாஸ்மிட்டின் எண்ணிக்கையைக் குட்டி ஆர்.என்.ஏ. கட்டுப்படுத்துகிறது என்பது 1981லேயே தெரிந்துவிட்டது.

விஷயம் பரீட்சை மார்க்கோடு முடிவதில்லை. பாக்டீரியா சதா கொடுத்துக்கொண்டே இருக்கும் என்று நம்பினால், புது மருந்து தேடுவதைத் தவிர வேறு வழி தோன்றாது. அங்கே ஒரு சுவிட்ச் இருக்கிறது என்று தெரிந்தவன்தான் அதை எது போடுகிறது, எது அணைக்கிறது என்று கேட்பான். அந்தக் கேள்வியைக் கேட்கவிடாத படத்தை இன்னும் எத்தனை வருடம் அச்சடிப்பார்கள்?