சித்திரைத் திருவிழா யாருக்கு உரியது?

ஒரு மாநகரமும் அதைச் சூழ்ந்த எண்ணற்ற கிராமங்களும் ஒரே குடும்பமாய்க் கூடிக் கொண்டாடும் உத்ஸவம் என்று சொல்ல வேண்டுமானால், மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு ஈடாக இன்னொன்றைக் காண்பது அரிது. மீனாட்சியம்மைக்குப் பட்டாபிஷேகமும் திக்விஜயமும் நடந்து, திருக்கல்யாணமும் நிறைவேறி, மறுநாள் மாசி வீதிகளில் தேர் ஓடுகிற அதே தினத்தில், அழகர்மலையிலே பதினெட்டாம்படிக் கருப்பண்ணசுவாமியிடம் விடைபெற்றுக் கள்ளர் கோலத்தில் புறப்பட்ட அழகர் எனும் சுந்தரராஜப் பெருமாள், சுமார் 20 கிலோமீட்டர் தூரம் மண்டகப்படிதோறும் தங்கித் தங்கி வந்து, மூன்றுமாவடியில் நகரத்தாரின் எதிர்சேவையை ஏற்றுக்கொள்கிறார். மறுநாள் விடியலில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்தனுப்பிய மாலையோடு, தங்கக் குதிரையின் மீது வைகையில் இறங்குகிறார். அன்று அவர் உடுத்தியிருப்பது பச்சைப் பட்டென்றால் மழைக்கும் விளைச்சலுக்கும் குறைவில்லை என்று மகிழும் குடியானவர்களே அந்த உத்ஸவத்தின் உயிர்.

மாசியில் நடந்துவந்த அம்மன் கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூருக்குச் சென்றுகொண்டிருந்த அழகரை மதுரைக்கு வரச்செய்தவர், 1623 முதல் 1659 வரை அரசாண்ட திருமலை நாயக்கர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. சைவத்தையும் வைணவத்தையும், நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் ஒரே பந்தலின்கீழ் நிறுத்திய அந்த ஏற்பாட்டை ஜனங்கள் எவ்வளவு மனமுவந்து ஏற்றார்கள் என்பதற்கு அவர்கள் சொல்லும் கதையே சாட்சி. மண்டூக மகரிஷிக்குச் சாபவிமோசனம் அளிக்கவே பெருமாள் வருவதாகக் கோயில் புராணம் கூறியிருக்க, தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்த அண்ணன், முகூர்த்தம் முடிந்துவிட்டதறிந்து கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்புகிறார் என்று அவர்கள் உறவு கொண்டாடிவிட்டார்கள். புராணத்தைக் காட்டிலும் இந்த உறவுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இவ்வாறு விரித்துக் கொடுக்கப்பட்ட உத்ஸவத்தை நாம் இன்று சுருக்கிக்கொண்டு வருகிறோம். தொற்றுநோயினால் இரண்டு வருஷம் பக்தர்கள் கூட இயலாதிருந்த விழா, 2022 ஏப்ரல் 16-ஆம் தேதி மீண்டும் பெருந்திரளோடு நடந்தபோது, ஆற்றங்கரை நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தார்கள். கூட்டம் மிகுந்துவிட்டதென்று சொல்லிக் கடந்துபோவது நியாயமாகாது. இரு கரையிலும் சாலையும் தடுப்புச்சுவருமாக ஆற்றை நெருக்கியிருக்கிறோம், எஞ்சிய மணற்பரப்பிலும் அனுமதிச் சீட்டு உடையவர்களுக்கென்று இடம் வகுத்து அடைக்கிறோம். விரதமிருந்து, தோற்பை சுமந்து தண்ணீர் பீய்ச்ச வருகிறவனும், சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிக் கையில் ஏந்தி இரவெல்லாம் நடந்துவருகிற தாய்மார்களும் தடுப்புக் கட்டைக்குப் பின்னே நிற்க, காரில் வந்து இறங்குவோர் முன்னே நிற்பது அழகரின் வருகைக்கே மாறான முறை. அவர் கோயிலை விட்டு அவ்வளவு தூரம் வருவது, கோயிலுக்குள் வர இயலாதவர்களும் தம்மைக் காண வேண்டுமென்பதற்காகவன்றோ?

அழகரின் சஞ்சாரம் அந்த ஒரு விடியலோடு முடிவதுமில்லை. வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயில், தேனூர் மண்டபம், இராமராயர் மண்டபத்தில் இரவெல்லாம் நடக்கும் தசாவதாரக் காட்சி, பின்னர் பூப்பல்லக்கு என்று அது மேலும் சில நாட்கள் நீள்கிறது. அவ்விடங்களிலெல்லாம் நிழலும் நீரும் கழிப்பிடமும் வழிகாட்டுவோரும் இருக்குமாறு செய்து, முன்கூட்டியே ஊர்தோறும் அறிவித்தால், கூட்டம் தானே பரவி நிற்கும்.

வருகிற சித்திரைக்குள் அறநிலையத் துறையும் மாநகராட்சியும் காவல் துறையும் கூடி, வைகைக்குள் அனுமதிச் சீட்டு முறையை அறவே நீக்கி, முதியோருக்கும் உடல் நலிந்தோருக்கும் மட்டும் தனியிடம் ஒதுக்கி, மற்ற மணல் முழுவதையும் நடந்து வருகிற ஜனங்களுக்கே விட்டுவிட வேண்டும்.