எஞ்சும் நுண்ணுயிரி, நீடிக்கும் வலி: ஒரு சொற்குழப்பத்தின் விலை

லைம் நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லிகளை மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் கொடுக்கும் மருத்துவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சில நாள் மருந்து, சில நாள் இடைவெளி, மீண்டும் மருந்து. இதற்கு ஆதாரம் என்னவென்று கேட்டால் ‘பெர்சிஸ்டர்’ என்னும் ஒற்றைச் சொல்லை முன்வைக்கிறார்கள். தன்மேல் ஏற்றப்பட்டிருக்கும் சுமையை அந்தச் சொல் தாங்காது.

சொல்லின் பிறப்பில் குறையொன்றுமில்லை. டப்ளினில் பணியாற்றிய ஜோசப் பிக்கர் 1944இல் ‘லான்செட்’ இதழில் அதை அறிமுகப்படுத்தினார். பெனிசிலினுக்குத் தப்பிப் பிழைக்கும் சிறுபான்மை ஸ்டாஃபைலோகாக்கஸ்களை அவர் கவனித்தார். அவற்றின் வழித்தோன்றல்களோ அதே பெனிசிலினுக்கு மடிந்தன. எனவே அவை மருந்தை எதிர்க்கும் மரபுத்திரிபுகள் அல்ல, வளராமல் அடங்கிக் கிடந்தவை. பெனிசிலின் செல்சுவர் கட்டப்படுவதைக் குலைக்கும் மருந்து. கட்டப்படாத சுவரை எப்படிக் குலைப்பது? மருந்தை நிறுத்தி, உறங்குபவை விழித்ததும் மீண்டும் தாக்கலாம் என்று பிக்கரே முன்மொழிந்தார். (‘எதிர்ப்பு’ என்ற ஒரே சொல்லை நோய்க்கும் மருந்துக்கும் பொதுவாகப் புழங்கும் தமிழ் அறிவியல் எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாமலே போகிறது. எதிர்ப்பது வேறு, தாங்கிக் கிடப்பது வேறு.)

2015இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கிம் லூயிஸ் குழு, லைம் நோய்க்குக் காரணமான பொரேலியா பர்க்டார்ஃபெரியிலும் இத்தகைய செல்கள் உண்டென்று காட்டியது. செஃப்ட்ரியாக்சோனை இடைவெளிவிட்டு நான்கு சுற்றுகள் கொடுத்தபோது வளர்ப்பூடகத்தில் அவை அழிந்தன. இம்முடிவே எங்கும் மேற்கோளாகிறது. அதே ஆண்டு, அதே ஆய்விதழில் காஸ்கியும் எம்பர்ஸும் டாக்ஸிசைக்ளினை இடைவெளிவிட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். எஞ்சிய செல்கள் குறையவே இல்லை. இந்த இரண்டாவது முடிவை விட்டுவிட்டுக் கொடுக்கும் மருத்துவத்துக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது.

சோதனைக்குழாயில் மருந்தைக் கழுவி அகற்றலாம், புதிய ஊடகத்தில் இட்டுச் செல்களை எழுப்பலாம், எழுந்தனவா என்று எண்ணியும் பார்க்கலாம். மூட்டிலோ நரம்புத் திசுவிலோ அவை இருக்கின்றனவா, இருந்தால் எப்போது விழிக்கின்றன என்பதை எண்ணிச் சொல்லும் வழி எந்தச் சிகிச்சையறையிலும் இல்லை. அப்படியிருக்க, ‘நான்கு நாள் இடைவெளி’ என்று ஒருவர் எழுதித் தரும்போது அந்த நான்கு எங்கிருந்து வந்தது?

உண்மையான சறுக்கல் மொழியில் நிகழ்கிறது. ஆங்கிலத்தில் எஞ்சும் செல், நீடிக்கும் தொற்று, நீடிக்கும் வலி மூன்றுக்கும் ஒரே வினையடிதான். முதலாவது வளர்ப்பூடகத்தில் கண்டது. மூன்றாவது நோயாளி அனுபவிப்பது. நடுவிலுள்ள இரண்டாவதைத்தான் நிறுவியாக வேண்டும். ஒலி ஒன்றாக இருப்பதால் நிறுவப்பட்டுவிட்டதாகவே கேட்போர் நம்பிவிடுகிறார்கள். வலி நீடிப்பதற்கு உயிருள்ள கிருமிதான் வேண்டும் என்பதுமில்லை. சிகிச்சைக்குப் பின்னும் தொடரும் லைம் மூட்டழற்சியில் பொரேலியாவின் செல்சுவர்ச் சிதிலங்கள் மூட்டுத் திரவத்தில் தங்கியிருப்பதை 2019இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. செத்ததை எத்தனை சுற்று மருந்தால் கொல்வது?

2001இல் கிளெம்ப்னர் குழு முப்பது நாள் செஃப்ட்ரியாக்சோனும் அறுபது நாள் டாக்ஸிசைக்ளினும் கொடுத்துப் பார்த்தது. வெற்று மருந்தைவிட எந்தப் பயனுமில்லை. 2016இல் நெதர்லாந்தில் நடந்த சோதனையிலும் நீண்ட சிகிச்சை கூடுதல் பயன் தரவில்லை. இவை தொடர்ச்சியாக மருந்து கொடுத்த சோதனைகள், இடைவெளிவிட்டுக் கொடுத்தவை அல்ல என்று மறுதரப்பார் சொல்வது சரியே. அப்படியானால் அவர்கள் கையிலிருப்பது சோதிக்கப்படாத கருதுகோள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நோயாளிகளின் களைப்பும் வலியும் கற்பனையல்ல. “எல்லாம் மனப்பிரமை” என்று அவர்களைத் திருப்பியனுப்பிய மருத்துவர்களே இந்தச் சந்தைக்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துத் தந்தவர்கள். அந்த அலட்சியத்துக்குக் கொடுக்கப்படும் விலையும் சிறிதன்று. நாட்பட்ட லைம் என்ற பெயரில் சிகிச்சை பெற்ற ஐந்து பேருக்கு நேர்ந்த கடுமையான பாக்டீரியாத் தொற்றுகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் பதிவு செய்தது. இரத்தக் குழாயில் நெடுநாள் பொருத்திய குழாய் வழியே வந்த தொற்றும், குடலைத் தாக்கும் கிளாஸ்ட்ரிடியமும் அவற்றுள் அடங்கும். உயிரிழப்பும் உண்டு.

கருதுகோளைச் சோதிக்க விரும்புவோர் ஒப்பீட்டுக் குழுவுடன் சோதனை நடத்தட்டும். அங்கே நோயாளிக்கு ஒப்புதல் படிவம் உண்டு, பக்கவிளைவைக் கண்காணிக்கும் குழு உண்டு, பயனில்லையெனில் நிறுத்தும் விதியும் உண்டு. சிகிச்சையறையில் நடக்கும் இதே சோதனையில் இம்மூன்றும் இல்லை. செலவும் நோயாளியின் தலையில்தான் விழுகிறது.