தைலம் பூசி மலைக்கு அனுப்புவது வைத்தியமாகாது

"இடுப்பு வலியா? விலகிய டிஸ்க்கை ஐந்தே நாளில் இடத்துக்குக் கொண்டு வருகிறோம்." இந்த மாதிரி விளம்பரங்கள் மலையக ஊர்களின் சுவர்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகின்றன. ஒரு நாள் பேரை விட்டுவிட்டு பஸ் ஏறி இவர்களிடம் போகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் மாணவர்களின் தாய்மார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

மசாஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை யாராவது உண்மையாகச் சொல்ல வேண்டும்.

நல்ல கைக்காரர் பதமாக உருவிவிட்டால் இறுகிய தசை தளரும், வலி குறையும், இரவில் தூக்கம் வரும். உருவிய இடம் ஒன்றிரண்டு நாள் லேசாக நோகலாம், அது சாதாரணம். ஆனால் கத்திக் கதறும் அளவுக்கு அழுத்தினால்தான் குணமாகும் என்பது பொய். விலகிய டிஸ்க்கைக் கையால் உள்ளே தள்ளலாம் என்பது அதைவிடப் பெரிய பொய்.

2015இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குபற்றிய 25 பரிசோதனைகளை அலசியது. மசாஜால் குறுகிய காலத்துக்கு வலி குறைவதைக் கண்டது. நீண்ட காலப் பலன் தெரியவில்லை, கிடைத்த சான்றுகளும் பலமானவை அல்ல என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டலில் மசாஜுக்கும் இடமுண்டு, ஆனால் உடற்பயிற்சி, வலி பற்றிய விளக்கம் போன்றவற்றோடு சேர்த்துத்தான். கடையில் வாங்கிக் கட்டுகிற இடுப்புப் பெல்ட்டை அதே வழிகாட்டல் பரிந்துரைக்கவில்லை.

"எங்க அக்காவுக்கு அவர்தானே சுகமாக்கினார்" என்பீர்கள். புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே குறையும். அந்த நேரத்தில் யார் கை வைத்தாலும் பேர் அவருக்குத்தான். காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான் பிழைத்திருக்கிறது. தயவுசெய்து யாரையும் முதுகில் ஏறி மிதிக்க விடாதீர்கள். எலும்பு தேய்ந்த வயதான அம்மாமாருக்கு அது முறிவில் போய் முடியலாம்.

இன்னொன்று. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனால், தொடை இடுக்கு மரத்துப்போனால், கால் பலமிழந்தால், வலியோடு காய்ச்சல் வந்தால், விழுந்த பிறகு வலி தொடங்கினால், முன்பு புற்றுநோய் இருந்திருந்தால் மசாஜ் பக்கமே போக வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கள் சமூகத்துக்கும் சொல்ல வேண்டும். ஹிஜாமாவின் பெயரில் இதே வாக்குறுதியை விற்கிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மருந்தின் பெயரால் ஏழையை ஏமாற்ற அது அனுமதிக்கவில்லை. "வலி கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது" என்று நேர்மையாகச் சொல்லிக் கை வைக்கிற நாட்டு வைத்தியர்களும் உண்டு. அவர்களோடு எங்களுக்குச் சண்டையில்லை.

எங்கள் சண்டை வேறு இடத்தில். விடிய முன் எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, பெரட்டுக்குப் போய், செங்குத்தான மலையில் படங்கைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற பெண்ணின் முதுகில் கூடையோ சாக்கோ தொங்குகிறது. அதன் கயிறு தலையில். மழையில் நனைந்த கொழுந்து இன்னும் பாரம். நிறுத்த பிறகு தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கிலோ வெட்டுவார்கள். வெட்டிய கிலோவையும் சுமந்தது அதே முதுகுதான்.

1,000 ரூபாய் சம்பளம் வந்தது 2021இல். 1,350 ஆனது 2024இல். சம்பளம் கூடியபோது பல தோட்டங்களில் கொழுந்தின் அளவும் கூடியது. 18 கிலோ, 20 கிலோ என்று பேரம் பேசினார்கள். ஒரு பெண்ணின் இடுப்பு எத்தனை கிலோவை எத்தனை வருடம் தாங்கும் என்ற கேள்வி அந்த மேசைகளில் முக்கியமாக இருக்கவில்லை. வலி என்று தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போனால் ரெண்டு பெனடோல், பூசத் தைலம். அடுத்த நாள் மறுபடி மலை. இதே பாரம் தினமும் ஏறினால் எந்த மசாஜ் நிலைக்கும்?

ஆகவே தொழிற்சங்கங்களிடமும் கம்பனிகளிடமும் கேட்கிறோம். கொழுந்தை மலைக்குப் பக்கத்திலேயே, இன்னும் அடிக்கடி நிறுங்கள். சாக்குத் தூக்க ஆளோ வண்டியோ கொடுங்கள். இடுப்பு வலிக்காரருக்குப் பேர் வெட்டாமல் இலகு வேலை கொடுங்கள். சுகாதார அமைச்சிடம் கேட்பது, பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிற இயன்மருத்துவர் மாதத்தில் சில நாளாவது தோட்டத்துக்கு வர வேண்டும். பெண்களுக்குப் பெண் இயன்மருத்துவர் இருந்தால் கூச்சமில்லாமல் போவார்கள்.

அதுவரை, அம்மாமாரே, வலி இருந்தாலும் படுத்தே கிடக்காதீர்கள், முடிந்த அளவு நடமாடுங்கள். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள். கைராசிக்காரர் யாரும் பக்கத்தில் இருந்தால் உருவிக்கொள்ளுங்கள், தப்பில்லை. "முழுசாகக் குணமாக்குகிறேன்" என்று மொத்தப் பணத்தை முன்கூட்டியே கேட்பவனிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். இன்று மாலை தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் நீங்கள் தூக்குங்கள்.