ஜெராக்ஸ் கொடுத்தவர் கடன்காரரா?

காலை 8 மணி. ஆவடி ரெயில் நிலையத்துக்கு வெளியே ஜெராக்ஸ் கடையில் கூட்டம்.

"அண்ணே, ஆதார் ரெண்டு, பான் ரெண்டு. சீக்கிரம் போடுங்கண்ணே, வண்டி வந்துடும்!"

முதலில் விழுந்த காப்பி கோணல். அது மேஜைக்கு அடியில் உள்ள குப்பைக் கூடைக்குப் போகிறது. நல்ல காப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் ரெயிலைப் பிடிக்க ஓடுகிறார்.

அந்தக் கோணல் காப்பி யார் கைக்குப் போகும்? அவருக்கும் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து அவர் வீட்டுக் கடன் கேட்டு பாங்கிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்.

"உங்க பேர்ல ஒரு கடன் கட்டாம நிக்குதே, சார்!"

"ஐயோ, நான் எங்கேயும் கடனே வாங்கலீங்களே!"

வாங்காத கடனுக்கு அவர் கடன்காரர். சொந்த வீட்டுக் கனவு அங்கேயே நின்று போகிறது.

இது சும்மா பயமுறுத்தும் கதை அல்ல. நாட்டில் நடந்திருக்கிறது.

நடிகையையும் விடவில்லை

2022 பிப்ரவரியில் 'தானி' என்ற கடன் ஆப் பற்றி நாடெங்கும் புகார் கிளம்பியது. "எங்கள் பான் எண்ணைக் காட்டி யாரோ கடன் வாங்கிவிட்டார்கள்" என்று பலர் கொதித்தார்கள். அவர்களில் நடிகை சன்னி லியோனும் ஒருவர். அவர் எண்ணில் எடுக்கப்பட்ட கடன் வெறும் 2,000 ரூபாய்! அவர் சமூக வலைத்தளத்தில் போட்டு உடைத்தார். சீக்கிரமே கணக்கு சரிசெய்யப்பட்டது. அவரே நன்றியும் சொன்னார்.

நடிகை நாலு வரி எழுதினால் காரியம் நடக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் பிட்டர் எழுதினால் நடக்குமா? பூந்தமல்லி மளிகைக் கடைக்காரர் எழுதினால் யார் படிப்பார்கள்? இங்கேதான் கேள்வியே இருக்கிறது.

பில்லிலேயே இருக்கிறது பான்!

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்று. பில் புத்தகத்தில் அச்சடிக்கிற ஜி.எஸ்.டி. எண்ணுக்கு 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் முதலாளியின் பான் எண்ணேதான்! ஒளிவு மறைவே கிடையாது.

இந்த ஓட்டையில்தான் ஒரு கும்பல் புகுந்தது. பிரபலங்களின் ஜி.எஸ்.டி. எண்களை இன்டர்நெட்டில் தேடி எடுத்தார்கள். அதிலிருந்து பான் எண்ணைப் பிரித்தார்கள். தங்கள் போட்டோவை ஒட்டிப் போலி அட்டை தயாரித்தார்கள். டோனி, அபிஷேக் பச்சன் பெயர்களில் எல்லாம் கிரெடிட் கார்டு வாங்கினார்கள்! புனேயைச் சேர்ந்த கார்டு கம்பெனிக்கு 21 லட்சம் ரூபாய்க்கு மேல் நஷ்டம். 2023 மார்ச்சில் டெல்லி போலீசார் 5 பேரைப் பிடித்தார்கள்.

டோனியின் முகத்தை அறியாதவர் இந்த நாட்டில் உண்டா? அவர் பெயரிலேயே வேறு முகத்தைக் காட்டி கார்டு வாங்க முடிந்தது என்றால், ஊர் பேர் தெரியாத குமாஸ்தாவின் கதி என்ன?

கடனுக்கும் ஒரு ஜாதகம்

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோல், கடனுக்கும் ஒரு ஜாதகம் உண்டு. சிபில், ஈக்விபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிப் ஹைமார்க் என்று நான்கு கம்பெனிகள் அதை எழுதி வைக்கின்றன. 300 முதல் 900 வரை மார்க். யார் எங்கே கடன் வாங்கினார், தவணை தவறினாரா என்பது அத்தனையும் அதில் இருக்கும். திருடன் தன் செல்போன் எண்ணையும் தன் விலாசத்தையும் கொடுத்துக் கடன் வாங்கினால், நோட்டீசு அவனுக்குத்தான் போகும். கறை மட்டும் அப்பாவியின் ஜாதகத்தில் விழும். அதனால்தான் வருஷக்கணக்கில் வெளியே தெரிவதில்லை.

ஆனால் இந்த ஜாதகத்தைப் பார்க்கக் காசு வேண்டாம். நான்கு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் பாங்கி போட்ட உத்தரவு. 2017 ஜனவரி முதல் இது அமலில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கேட்டால், வருஷம் முழுவதும் ஒரு கண் வைத்திருக்கலாம்.

அறிக்கையில் வாங்காத கடன் தெரிந்தால் உடனே எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். கடன் கொடுத்த கம்பெனிக்கும் ஒன்று, ஜாதகம் எழுதிய கம்பெனிக்கும் ஒன்று. 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு! 2024 ஏப்ரல் 26 முதல் இது சட்டமாகவே இருக்கிறது. "பார்க்கலாம் சார், அடுத்த வாரம் வாங்க" என்று இழுத்தடிக்க இனி முடியாது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

பணமே களவு போயிருந்தால் தாமதம் கூடாது. 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யவேண்டும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரம் 2022 ஜனவரி முதல் ஆவடி போலீஸ் கமிஷனரகத்தில் இருக்கிறது. அங்கே சைபர் கிரைம் பிரிவும் உண்டு. அடுத்தவர் அடையாளத்தைத் திருடினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவின்படி 3 வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். புகார் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் நாளைக்கு அதுதான் கவசம்.

ஜெராக்ஸ் விஷயத்திலும் கொஞ்சம் உஷார் வேண்டும். காப்பியின் குறுக்கே "சிம் கார்டு வாங்க மட்டும்", "வாடகை வீட்டுக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடலாம். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம். கோணல் காப்பியைக் கையோடு கேட்டு வாங்கிக் கிழித்துப் போடலாம். நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம்.

பழி யார் தலையில்?

இத்தனையும் மக்கள் செய்யவேண்டும். சரி. மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், "ஆதார் ஜெராக்ஸ் யாருக்கும் கொடுக்காதீர்கள்" என்று எச்சரித்தது. இரண்டே நாளில், "தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது" என்று அந்த அறிக்கையை வாபஸ் வாங்கினார்கள்! ஆனால் லாட்ஜில் கேட்கிறார்கள். காண்டிராக்டர் கேட்கிறார். வீட்டுக்காரர் கேட்கிறார். மாட்டேன் என்று சொல்ல ஏழைக்கு வாய் உண்டா?

அமெரிக்காவில் 2017-ல் ஈக்விபேக்ஸ் கம்பெனியிலிருந்து சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. அடுத்த வருஷமே அங்கே சட்டம் வந்தது. 2018 செப்டம்பர் முதல் யாரும் தன் கடன் ஜாதகத்தைக் காசு இல்லாமல் பூட்டி வைக்கலாம். பூட்டைத் திறக்காமல் அவர் பெயரில் புதுக் கடன் வாங்குவது கஷ்டம். அந்த உரிமையை இங்கேயும் சட்டமே இலவசமாகத் தரவேண்டும். காசு கொடுப்பவருக்கு மட்டும் கிடைக்கிற பூட்டு, பூட்டே அல்ல.

அதைவிட முக்கியமானது ஒன்று. "நான் வாங்கவில்லை" என்று அப்பாவி நிரூபிக்கவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? "இவர்தான் வாங்கினார்" என்று கடன் கொடுத்தவர் அல்லவா நிரூபிக்கவேண்டும்! முகத்தைப் பார்க்காமல் ஐந்து நிமிஷத்தில் கடன் கொடுத்து வட்டி சம்பாதிக்கத் தெரிந்தவர்களுக்கு, தவறு நேர்ந்தால் அந்த நஷ்டத்தையும் தாங்கத் தெரியவேண்டும். விசாரணை முடியும்வரை அப்பாவியின் மார்க்கைக் குறைக்கக் கூடாது.

ஆவடியில் ரெயில் பிடிக்க ஓடுகிறவர், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் பாங்கிக்கும் போலீசுக்கும் அலையவேண்டும். அவர் செய்த குற்றம் என்ன? கேட்ட இடத்தில் ஜெராக்ஸ் கொடுத்தார். அவ்வளவுதான்.

ரிசர்வ் பாங்கியும் மத்திய அரசும் இதைக் கவனிக்கவேண்டும். உடனே கவனிக்கவேண்டும்.